வரவேற்கும் உரிமை யாருடையது?
வான்கூவர் பூங்காச் சிற்பங்களும் விருந்தோம்பலின் இறையியலும்

விருந்தோம்பலைக் குறித்து நம் திருச்சபைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. தமிழ் மரபு அதனை இல்லறத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றாகப் போற்றுகிறது. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. திருமறையும் அதனை விசுவாசிகளின் அடையாளமாகக் காட்டுகிறது. ஆயினும், நாம் வழக்கமாக எழுப்பும் வினா, "பிறரை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்?" என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. அவ்விடத்தில் வரவேற்கும் உரிமை யாருடையது? வீட்டுக்குரியவர் திண்ணையில் ஒதுங்கி நிற்க, வந்தவர் நடுக்கூடத்தில் நின்று "வாருங்கள்" என்று ஊரை அழைப்பாராயின், அதனை விருந்தோம்பல் என்று கூறலாகுமா?

இவ்வினாவைக் கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரின் ஸ்டான்லி பூங்காவில் நிற்கும் சில சிற்பங்கள் நம் முன் வைக்கின்றன. ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்புள்ள இப்பூங்கா மூன்று புறமும் கடலால் சூழப்பட்ட காடு. இங்குள்ள சிற்பங்களுள் மூன்றினை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை கூறும் மூன்று விதமான வரவேற்புகளை ஆராய்ந்து, அவற்றைத் திருமறையின் ஒளியில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கரங்களை விரித்து நிற்கும் ஆளுநர்

பூங்கா 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் பெயருக்குக் காரணமானவர் அந்நாளில் கனடாவின் தலைமை ஆளுநராயிருந்த ஸ்டான்லி பிரபு. அடுத்த ஆண்டு அவர் நேரில் வந்து, எந்த நிறத்தவரும், எந்தச் சமயத்தவரும், எந்த வழக்கத்தவரும் என்றென்றும் துய்த்து மகிழும்படி இப்பூங்காவை அர்ப்பணித்தார். அக்காட்சியைச் சிட்னி மார்ச் என்னும் சிற்பி வெண்கலத்தில் வடித்தார். 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்சிலையில் ஆளுநர் இரு கரங்களையும் அகல விரித்து, வானை நோக்கி நிற்கிறார்.

அர்ப்பணிப்பின் கருத்து உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் வரலாறு அதனைச் சோதித்தது. 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் "கோமகட்டா மாரு" என்னும் கப்பல், பெரும்பாலும் பஞ்சாபியரான 376 இந்தியப் பயணிகளோடு, இப்பூங்காவை ஒட்டிய துறைமுக நீரில் நங்கூரமிட்டது. பயணிகளில் மிகச் சிலர் தவிர எவரும் கரையிறங்க அனுமதி பெறவில்லை. இரு மாதங்கள் நீரிலேயே காத்திருந்த கப்பல், ஜூலை 23-ஆம் நாள் திருப்பி அனுப்பப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் 492 பேர் "சன் சீ" என்னும் கப்பலில் இதே மாகாணத்தின் கரையை அடைந்தபோது, அவர்களும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். பலருக்கு விடுதலை கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. விரிந்த கரங்கள் எல்லாருக்கும் விரியவில்லை.

ஆயினும் அச்சிலையின் ஆழ்ந்த குறை இதுவன்று. நிறைவேறாத வாக்குறுதி எந்த நாட்டிலும் உண்டு. இங்கு வினா, வாக்குறுதி அளித்தவருக்கு அந்நிலத்தின்மீது என்ன உரிமை இருந்தது என்பதே.

2. வீட்டுக்காரர் எங்கே?

பூங்கா அமைந்த காடு ஆளற்ற காடு அன்று. மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லேல்-வாட்டுத் என்னும் கரையோர சேலிஷ் இன மக்கள் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்து வந்தனர். வோய்வோய் என்பது அங்கிருந்த ஒரு பெரிய குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் உண்டு எறிந்த சிப்பிகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. 1888-இல் பூங்காவைச் சுற்றிச் சாலை அமைத்தவர்கள் அம்மேட்டைத் தோண்டி, அச்சிப்பிகளைக் கொண்டே சாலைக்குத் தளம் இட்டனர். அம்மேட்டில் மனித எலும்புகளும் கிடைத்தன.

சேய்தூஸ் என்னும் மற்றொரு குடியிருப்பில் வாழ்ந்த ஆகஸ்ட் ஜாக் கட்சலானோ என்பவர், முதியவரானபின் நகர ஆவணக் காப்பாளரிடம் தம் இளமைக்கால நினைவு ஒன்றைக் கூறினார். அவருடைய குடும்பத்தார் வீட்டினுள் அமர்ந்து உணவருந்திக் கொண்டிருந்தபோது, வெளியே யாரோ வீட்டின் மூலையைக் கோடரியால் வெட்டும் ஓசை கேட்டது. சென்று பார்த்தால், நில அளவையாளர்கள். சாலை அவ்வீட்டின் வழியாகச் செல்லவேண்டும் என்றனர். அவருடைய தந்தை அடக்கம் செய்யப்பட்ட அதே சேய்தூஸில்தான் பூங்காவின் திறப்பு விழாவும் நடந்தது. வீட்டார் பந்தியில் இருக்கையிலேயே சுவரை வெட்டி, அவர்களுடைய கல்லறை இருந்த இடத்தில் நின்று உலகோரை வரவேற்ற செயலுக்கு உவமை தேடவேண்டியதில்லை. அதுவே ஓர் உவமை.

எஞ்சியிருந்த குடும்பங்கள் பிராக்டன் முனையில் வாழ்ந்தன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டில் அவர்களை உரிமையின்றிக் குடியேறியவர்கள் என்று தீர்ப்பளித்தது. 1931-இல் அவர்களுடைய வீடுகள் அகற்றப்பட்டன. முதியவர் ஒருவர் தம் சிறு வீட்டில் 1958-இல் இறக்கும்வரை தங்கியிருக்க விடப்பட்டார். ஆளுநரின் சிலை எழுந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

3. விருந்து குற்றமான காலம்

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அக்கரையோர மக்களின் சமூக வாழ்வின் நடுமையமாக இருந்தது "பாட்லாட்ச்" என்று அழைக்கப்பட்ட பெருவிருந்து. திருமணம், பெயர் சூட்டல், இறந்தோர் நினைவு முதலிய வேளைகளில் ஒரு குடும்பத்தார் அயலூரார் பலரை அழைத்து, உணவளித்து, தாம் சேர்த்த பொருளைப் பரிசாக வழங்குவர். சேர்த்து வைத்தவனல்லன், கொடுத்தவனே பெரியவன் என்பது அவ்விருந்தின் உட்பொருள். கனடா அரசு 1885 முதல் 1951 வரை இவ்விருந்தைச் சட்டத்தால் தடை செய்தது. தடை வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் மிஷனெரிகளும் இருந்தனர். அவ்விருந்தில் அவர்கள் வீண்செலவையும் பழைய சமயத்தையும் மட்டுமே கண்டனர், விருந்தோம்பலைக் காணவில்லை.

1921-ஆம் ஆண்டின் இறுதியில் அலர்ட் பே ஊருக்கு அருகில் நடந்த ஒரு பெருவிருந்திற்காகப் பலர் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றனர். அவர்களுடைய முகமூடிகளும் சடங்குப் பொருள்களும் பறிமுதல் செய்யப்பட்டன. அதே 1920-களில்தான் வான்கூவர் நகரத்தார் அலர்ட் பேயிலிருந்து குலக்குறிக் கம்பங்களை வாங்கி வந்து, ஸ்டான்லி பூங்காவில் காட்சிக்கு நிறுத்தினர். கம்பம் அழகுப் பொருளாயிற்று. அக்கம்பத்தின்கீழ் நடக்கவேண்டிய விருந்து குற்றமாயிற்று.

மேலும், அலர்ட் பே வடக்கே தொலைவிலுள்ள வேறோர் இனத்தவரின் ஊர். கரையோர சேலிஷ் மக்கள் இவ்வகையான தனிக் கம்பங்களை நிறுத்துபவர் அல்லர். வீட்டுத் தூண்களையும் வரவேற்கும் உருவங்களையும் செதுக்குவதே அவர்கள் மரபு. ஸ்குவாமிஷ் மக்கள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் பூங்காவின் புகழ்பெற்ற கம்பங்கள் பல்லாண்டுகள் அவ்விடத்தின் சொந்த மக்களைப் பற்றி ஒன்றும் கூறாமலே நின்றன. கம்பங்கள் 1960-களில் பிராக்டன் முனைக்கு மாற்றப்பட்டபோது, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் இடத்தையே அவை நிரப்பின.

4. மூன்று வாயில்கள்

2008-ஆம் ஆண்டில் அதே பிராக்டன் முனையில் மூன்று பெரிய மர வாயில்கள் நிறுவப்பட்டன. "மக்களிடையே மக்கள்" என்று பொருள்படும் பெயருடைய இப்படைப்பு, மஸ்குவீம் இனத்தைச் சேர்ந்த சூசன் பாயின்ட் என்னும் பெண் சிற்பியுடையது. 1952-ஆம் ஆண்டு, பெற்றோர் சால்மன் மீன் பிடிக்கச் சென்றிருந்த வேளையில், அலர்ட் பே ஊரில் பிறந்தவர் இவர். சிறுமியாயிருந்தபோது திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளியில் படிக்க அனுப்பப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். 1981-ஆம் ஆண்டளவில் நகை செதுக்குவதில் தொடங்கி, அருங்காட்சியகங்களில் இருந்த நூல் நூற்கும் தக்களிகளின் வட்டத் தகடுகளை ஆராய்ந்து, ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த சேலிஷ் சிற்ப மொழியை மீட்டவர்களுள் முதன்மையானவர்.

வாயில்கள் செங்கேதுரு மரத்தால் ஆனவை. திருமறையில் நாம் படிக்கும் லீபனோனின் கேதுரு வேறு. இது அப்பசிபிக் கரைக்கே உரிய வேறோர் இனம். அம்மக்களுக்கு வீடும் படகும் கயிறும் கூடையும் உடையும் இம்மரத்திலிருந்தே வந்தன. நிற்கும் மரத்தைச் சாய்க்காமலே அதிலிருந்து பலகை பிளந்தெடுக்கவும், மரம் பட்டுப்போகாதபடி பட்டை உரித்தெடுக்கவும் அவர்கள் அறிந்திருந்தனர். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயலில் இப்பூங்காவில் ஏறத்தாழ 10,000 மரங்கள் வீழ்ந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் எழுந்த இவ்வாயில்களில் அக்காட்டின் பெரணிச் செடிகளும், அக்கடலின் சால்மன் மீன்களும் திமிங்கலங்களும், பாட்டன் பாட்டியரும் பேரக் குழந்தைகளும், நடனமாடுவோரும் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இயற்கை இங்கே மனிதருக்குப் பின்னணித் திரையாக வரையப்படவில்லை. வீட்டாருள் ஒருவராக வாயிலில் நிற்கிறது.

வாயில் என்னும் வடிவத்தையே நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். சிலையை நாம் சுற்றிப் பார்க்கிறோம்; வாயிலுக்குள் நுழைகிறோம். நுழைபவர், இது ஒருவருடைய வீடு என்பதைத் தம் காலாலேயே ஒப்புக்கொள்கிறார். இவ்வாயில்களில் கதவுகள் இல்லை; எவரையும் தடுப்பதற்காக அவை நிற்கவில்லை. ஆளுநரின் சிலை, "இது எல்லாருக்கும் உரியது" என்று கூறி, வீட்டுக்காரரை மறைத்தது. வாயில்களோ, "இது எங்கள் வீடு, வாருங்கள்" என்கின்றன. இரண்டும் வரவேற்பே. ஆனால் இரண்டாவது வரவேற்பில் மட்டுமே வீட்டுக்காரர் இருக்கிறார். இதே சிற்பி 1996-இல் வான்கூவர் விமான நிலையத்தின் வருகைக் கூடத்திற்குச் செய்த உருவங்களும் மஸ்குவீம் நிலத்தில் வந்திறங்குவோரை அந்நிலத்தார் வரவேற்பதாகவே அமைந்துள்ளன.

5. கரையிலிருந்து கரைக்கு

மூன்றாவது சிற்பம் 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே முனையில் திறக்கப்பட்டது. "கரையிலிருந்து கரைக்கு" என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இது, லூக் மார்ஸ்டன் என்னும் கரையோர சேலிஷ் சிற்பி கேதுரு மரத்தில் செதுக்கி, பின் வெண்கலத்தில் வார்த்த படைப்பு. போர்த்துக்கீசியருக்குரிய அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த ஜோ சில்வி என்னும் கடலோடியும், அவர் அடுத்தடுத்து மணந்த கால்டினாட், குவாட்லீமாட் என்னும் சேலிஷ் பெண்கள் இருவரும் இதில் நிற்கின்றனர். சில்வி 1860-களில் இம்முனையில் குடியேறியவர். கால்டினாட் தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். சிற்பி, சில்விக்கும் குவாட்லீமாட்டுக்கும் பிறந்த வழியில் வந்தவர்.

சிற்பத்தின் வடிவம் அம்மக்கள் மீன் பிடிக்கப் பயன்படுத்திய ஒரு மரக்கருவியை ஒத்தது. நீண்ட கழியால் அதனை ஆழ்நீரில் அழுத்தி விட்டுவிட்டால், அது சுழன்றுகொண்டே மேலெழும். மீன் அதனைத் தொடர்ந்து மேலே வரும். காத்திருப்பவர் ஈட்டியால் பிடிப்பர். அடித்தளத்தில் போர்த்துக்கீசிய முறைப்படி கறுப்பும் வெள்ளையுமான கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு கரையின் கல்லின்மீது மறுகரையின் மீன்பிடி கருவி நிற்கிறது.

அயலான் ஒருவன் இங்கே வெற்றியாளனாக வரவில்லை. மனைவியின் உறவினர் நடுவே, அவர்கள் கடலில், அவர்களிடம் கற்றும் தான் அறிந்ததைக் கற்பித்தும் வாழ்ந்தான். விருந்தினனாக வந்தவன் உறவினனானான். எனினும் அவனைப் போன்றோரின் வழித்தோன்றல்களே பின்னர் நீதிமன்றத்தில் உரிமையற்றோர் எனப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. வீட்டார் தாமே வரவேற்று வளர்த்த உறவைப் பின்வந்த "வரவேற்பு" அழித்தது.

6. திருமறை நோக்கில்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் "க்ஸெனோஸ்" என்னும் சொல் அந்நியனையும் விருந்தினனையும் குறிக்கும்; விருந்தளிப்பவனையும் குறிக்கும். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில் பவுலையும் சபையையும் உபசரித்த காயுவுக்கு அச்சொல்லே வழங்குகிறது (ரோ. 16:23). எபிரெயர் 13:2 அந்நியரிடம் காட்டும் அன்பை வற்புறுத்துகிறது. கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது, இவ்விரு நிலைகளும் மாறி மாறி வரத்தக்கவை என்பதை நமக்கு நினைவூட்டுகிறது. எம்மாவு ஊரில் விருந்தினராக அழைக்கப்பட்ட ஆண்டவரே பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார் (லூக். 24:28-31). ஆனால் அவர் வலிந்து உட்புகவில்லை. அப்பால் போகிறவர்போலக் காட்டி, அவர்கள் வருந்தி அழைத்தபின்னரே உள்ளே சென்றார். இது கூர்ந்து நோக்கத்தக்கது.

ஆபிரகாம் மம்ரேயில் மரத்தடியில் மூவரை உபசரித்த வரலாற்றை (ஆதி. 18) நாம் விரும்பிப் பிரசங்கிக்கிறோம். ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை அந்த அளவு பிரசங்கிப்பதில்லை. சாராள் இறந்தபோது, அத்தேசம் தனக்கு வாக்களிக்கப்பட்டிருந்தும், ஆபிரகாம் ஏத்தின் புத்திரர் முன் தலைவணங்கித் தன்னை அந்நியன் என்றும் பரதேசி என்றும் கூறிக்கொள்கிறான். இலவசமாகத் தருவோம் என்றபோதும் ஏற்காமல், நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து ஒரு கல்லறை நிலத்தைப் பெறுகிறான். வாக்குறுதி பெற்றவன் அயலாரின் உரிமையை மதித்து ஒரு கல்லறைக்கு விலை கொடுத்தான். சேய்தூஸில் ஒரு கல்லறை இருந்த இடத்தில் விழா எடுத்தவர்கள், பெரும்பாலும் இத்திருமறையை வாசித்த மக்களே.

யோசுவாவின் நூல் வேறு வகையில் பேசுகிறது என்று சிலர் கூறலாம். குடியேற்ற நாடுகளில் அந்நூல் நில அபகரிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது உண்மையே. ஆனால் நியாயப்பிரமாணமோ, நிலம் கர்த்தருடையது என்றும், இஸ்ரவேலரும் அவரிடத்தில் பரதேசிகளே என்றும் கூறுகிறது (லேவி. 25:23). தேவனுடைய வீட்டில் நாம் யாவரும் விருந்தினர். ஆகவே எவருடைய வீட்டிலும் நாம் வீட்டுக்காரராக நம்மை நியமித்துக்கொள்ள முடியாது. ஆண்டவர் எழுபது பேரை அனுப்பியபோதும், வீட்டில் பிரவேசித்துச் சமாதானம் கூறவும், அங்கேயே தங்கவும், தங்கள் முன் வைக்கப்படுவதைப் புசிக்கவுமே கட்டளையிட்டார் (லூக். 10:5-8). நற்செய்தி விருந்தினரின் கையில் கொடுத்தனுப்பப்பட்டது.

7. முற்றுப்பெறாத கற்குவியல்

கனடாவின் திருச்சபைகள் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு சபைகளும், பின்னர் ஐக்கிய திருச்சபையும் அரசின் விடுதிப் பள்ளிகளை நடத்தின. தொல்குடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அப்பள்ளிகளில் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் வீடு திரும்பவில்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டபோது இவை யாவும் நாடறிந்தவையாயின.

நம் தென்னிந்தியத் திருச்சபையைப் போலவே, பல மரபுகள் இணைந்து 1925-இல் உருவான கனடா ஐக்கிய திருச்சபை, 1986-ஆம் ஆண்டில் சட்பரி நகரில் கூடிய பொதுப் பேரவையில் தொல்குடி மக்களிடம் மன்னிப்புக் கோரியது. நற்செய்தியையும் மேனாட்டு நாகரிகத்தையும் ஒன்றென மயங்கியதை அது அறிக்கையிட்டது. 1988-இல் தொல்குடியினர் அளித்த மறுமொழி நாம் கற்கவேண்டிய ஒன்று: மன்னிப்புக் கோரிக்கையைத் தாங்கள் கேட்டதாக ஒப்புக்கொண்டனர், ஆனால் அதனை அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. சட்பரியில் அதன் நினைவாக எழுப்பப்பட்ட கற்குவியல் வேண்டுமென்றே முற்றுப்பெறாமல் விடப்பட்டது. வரவேற்கும் உரிமையைப் போலவே, மன்னிக்கும் வேளையைக் குறிக்கும் உரிமையும் வீட்டுக்காரருடையது.

8. நாம் செய்யத்தக்கது

சிற்பங்கள் நிலத்தைத் திருப்பித் தருவதில்லை. இழந்த வீடுகளைக் கட்டித் தருவதும் இல்லை. இவ்வாயில்கள் எழுந்தமையால் வழக்குத் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோமாயின், குலக்குறிக் கம்பங்களை வாங்கி நிறுத்தியவர்களின் தவற்றையே நாமும் செய்பவராவோம். ஆயினும் 2014-ஆம் ஆண்டில் வான்கூவர் நகர மன்றம், தன் நகரம் தொல்குடியினர் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத நிலத்தின்மீது அமைந்துள்ளது என்று முறைப்படி ஒப்புக்கொண்டது. வீட்டுக்காரர் யார் என்பதைக் கூறுவது நீதியின் முழுமையன்று. எனினும் அதனைக் கூறாமல் நீதி தொடங்குவதில்லை.

நம் சபைகளிலிருந்தும் பலர் மலைவாழ் மக்களிடையேயும் பிற மாநிலங்களின் பழங்குடியினரிடையேயும் ஊழியத்திற்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே யாருடைய வாயிலில் நுழைகின்றனர்? அவர்களுடைய பாட்டையும் விருந்தையும் காட்டைப் பற்றிய அறிவையும் கற்றபின் பேசுகின்றனரா, பேசியபின் மாற்றுகின்றனரா? நம் ஊர்களிலும், தலைமுறைகளாகச் சபையைத் தாங்கிய எளியோர், பெரிய இடத்திலிருந்து வந்தவர்களால் தங்கள் சொந்த ஆலயத்திலேயே "வரவேற்கப்படும்" நிலை இல்லையா? ஆலய வாசலில் நல்வரவு எழுதுமுன், இவ்வாசல் யாருடையது என்று கேட்பது ஆயரின் கடமை.

திருவிருந்தில் நாம் இதனையே ஒவ்வொரு முறையும் கற்கிறோம். பந்தி ஆண்டவருடையது. ஆயர் அங்கே அழைக்கப்பட்டவர்களுள் ஒருவராக நின்றே மற்றவர்களை அழைக்கிறார். தாம் விருந்தினர் என்பதை அறிந்தவரே பிறரை உண்மையாய் வரவேற்க வல்லவர்.